பொம்மைப்படமெல்லாம் குழந்தைப்படமன்று

சில மாதங்களுக்கு முன், நிமோனியாக் காய்ச்சலுடன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் குழந்தைகள் பிரிவில் சேர்க்கப்பட்டான். வெள்ளிமலைக்கு அப்பால், கல்வராயன் மலையில் உள்ள ஒரு சிற்றூர் அவனுடையது. கைக்குழந்தையை விட்டுவர இயலாததால் தாய் ஊரிலேயே இருந்துவிட்டார். பாட்டி மட்டும் துணைக்கு வந்திருந்தார். (சிறுவன் இன்னார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது, மூச்சிரைப்பும் குறைந்தது. ஆனால் அன்றிரவு அவன் அலறிக்கொண்டு எழுந்தான். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதான். விடியும்வரை கண்மூட மறுத்தான். காய்ச்சலின் பிதற்றலோ என்று செவிலியர் ஐயுற்றார். எதையோ கண்டு பயந்திருக்கிறான், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றார் பாட்டி.

காலையில் அவனருகே அமர்ந்து பேச்சுக் கொடுத்தேன். வெகுநேரம் கழித்து அவன் கேட்ட கேள்வி இதுதான்: "நான் இங்க இருக்கேன். வீட்ல அம்மாவும் பாப்பாவும் இருக்காங்களா?"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த இளைஞர் ஒருவர், சிறுவன் அழாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் தம் கைபேசியில் ஒரு ஜப்பானியத் தொடரைப் போட்டுக் கொடுத்திருந்தார். 'டீமன் ஸ்லேயர்' என்பது அதன் பெயர். அதன் தொடக்கத்திலேயே, மலையில் வாழும் சிறுவன் ஒருவன் கரி விற்பதற்காகக் கீழே இறங்கிச் செல்கிறான். மறுநாள் திரும்பி வந்து பார்க்கையில், தாயும் உடன்பிறந்தோரும் அரக்கனால் கொல்லப்பட்டுக் கிடக்கின்றனர். தங்கை ஒருத்தி மட்டும் உயிரோடிருக்கிறாள்; அவளும் அரக்கியாக மாறிவிடுகிறாள். மலையைவிட்டு இறங்கி வந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அது கதையாகத் தெரியவில்லை. தன் வீட்டுச் செய்தியாகவே தெரிந்திருக்கிறது.

"பொம்மைப் படந்தானே சாமி, புள்ள பாத்தா என்னா?" என்று பாட்டி என்னிடம் கேட்டார். படித்த பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்கான விடையே இக்கட்டுரை.

யாருக்காக வரையப்பட்டது?

ஜப்பானில் உருவாகும் அசைவூட்டப் படங்களையும் தொடர்களையும் 'அனிமே' என்கிறோம்; சித்திரக்கதைகளை 'மங்கா' என்கிறோம். நம் நாட்டில் சித்திரக்கதை என்றதும் சிறுவர் நினைவே வரும். ஜப்பானில் அவ்வாறன்று. அங்கே தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் மங்கா உண்டு. அலுவலகம் செல்லும் நடுவயதினருக்கும் உண்டு. சிறுவர்க்கான 'ஷோனென்', சிறுமியர்க்கான 'ஷோஜோ', வளர்ந்த ஆண்களுக்கான 'செய்னென்', வளர்ந்த பெண்களுக்கான 'ஜோசெய்' என்று வாசகரைக் கொண்டே இதழ்களைப் பிரித்திருக்கிறார்கள். 'ஷோனென்' என்பதிலும் பெரும்பகுதி பதின்பருவத்தினரை எண்ணி எழுதப்படுவதே. ஐந்து வயதுக் குழந்தையை எண்ணி அன்று.

நம் வீடுகளில் நன்கு அறிமுகமான இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். 'டோரேமான்' 1969ஆம் ஆண்டின் இறுதியில், சிறு குழந்தைகளுக்கும் பள்ளிச் சிறுவர்க்குமான இதழ்களில் தொடங்கியது. 'ஷின்-சான்' 1990இல், வளர்ந்தோர் படிக்கும் வார இதழ் ஒன்றில் தொடங்கியது. ஐந்து வயதுச் சிறுவனின் குறும்பைக் கண்டு பெற்றோர் சிரிப்பதற்காக வரையப்பட்ட கதை அது. அதன் தொலைக்காட்சித் தொடர், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் சேர்க்கப்பட்டுச் சிறுவர் அலைவரிசையில் ஒளிபரப்பானது. ஷின்-சானின் எதிர்த்துப் பேச்சையும் ஆடை களையும் வேடிக்கையையும் குழந்தைகள் பின்பற்றத் தொடங்கியதும் புகார்கள் எழுந்தன. 2008இல் மத்திய அரசு அத்தொடரின் ஒளிபரப்பைத் தடுத்தது. பின்னர், சில பகுதிகள் நீக்கப்பட்ட வடிவில் அது திரும்பி வந்தது. பெரியவர்க்காக எழுதப்பட்ட கதை, ஓவியத்தின் எளிமையாலும் தமிழ்க் குரலாலும் குழந்தைக்கானதாகத் தோன்றிவிட்டது. தமிழில் பேசுவதால் மட்டும் ஒரு படம் நம் குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது.

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 16 அன்று, ஜப்பானின் ஜிப்லி படநிறுவனம் இரண்டு படங்களை ஒரே காட்சியில் சேர்த்துத் திரையிட்டது. ஒன்று, ஹயாவோ மியாசாகியின் 'என் அண்டைவீட்டு டோட்டோரோ'. ஆறு வயதுக் குழந்தையுடன் அமர்ந்து பார்க்கத்தக்கது. மற்றொன்று, இசாவோ தகாஹட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'. போர்க்காலத்தில் பெற்றோரை இழந்த அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பட்டினியால் இறந்துபோகும் கதை. வளர்ந்தவரும் கலங்காமல் பார்க்க முடியாத படம் அது. ஒரே நிறுவனம், ஒரே நாள், முகப்பில் சிரிக்கும் குழந்தைகள். சுவரொட்டியை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியாது.

வயதும் அச்சமும்

குழந்தைகள் எல்லாரும் ஒரே பொருளுக்கு அஞ்சுவதில்லை. வயது ஏற ஏற அச்சத்தின் இயல்பும் மாறுகிறது. தேர்வுக்கு இதுவே அடிப்படை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. வெளியூரில் இருக்கும் தாய் தந்தையுடன் எப்போதாவது காணொலியில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டு முதல் ஐந்து வயதுவரை, பெரியவர் உடனிருக்க, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் பார்க்கலாம். ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். உறக்கமும் உணவும் ஓடியாடும் விளையாட்டும் இவற்றால் குறையக்கூடாது.

ஏழு வயதுவரை, கண்ணுக்குத் தெரிவதே உண்மை என்று குழந்தை கொள்கிறது. அன்பாகப் பேசிய முகம் திடீரென்று கோரப் பல்லுடன் மாறினால், "அது வெறும் படம்" என்ற நம் விளக்கம் அங்கே எட்டாது. எனவே இவ்வயதில், உருமாறும் அரக்கர், சிதையும் உடல், தாய் தந்தையின் மரணம் ஆகியவை வரும் தொடர்களைத் தவிர்க்க வேண்டும். ஒரு நிகழ்வு தொடங்கி அதே அமர்வில் நல்லபடியாக முடியும் சிறு கதைகளே பொருத்தமானவை.

எட்டு முதல் பன்னிரண்டு வயதில் அரக்கரைப் பற்றிய அச்சம் தணிகிறது. நடக்கக்கூடியவை குறித்த அச்சம் பிறக்கிறது: விபத்து, நோய், குழந்தை கடத்தல், வீட்டாரைப் பிரிதல். சாகசக் கதைகளை இவ்வயதினர் விரும்புவர். நட்பு, விடாமுயற்சி, தோல்வியிலிருந்து எழுதல் ஆகியவற்றை அவற்றிலிருந்து கற்கவும் செய்வர். அவற்றுள் குருதி எவ்வளவு சிந்துகிறது, பெண்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள், வலியவன் எளியவனை அடிப்பது நகைச்சுவையாக்கப்படுகிறதா என்று பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பதின்மூன்று வயதுக்கு மேல் 'நருட்டோ', 'ஒன் பீஸ்' போன்ற நெடுந்தொடர்களைப் பார்க்கலாம். ஆனால் அனிமேயில் தற்கொலை, பழிவாங்கல், பாலியல் ஆகியவை வெளிப்படையாக வரும் படைப்புகளும் பல. பெயரை எழுதினாலே ஆள் இறந்துபோகும் குறிப்பேட்டைக் கொண்டு மாணவன் ஒருவன் கொலைகள் செய்யும் 'டெத் நோட்', மனிதரைத் தின்னும் அரக்கருடன் நடக்கும் போரைச் சொல்லும் 'அட்டாக் ஆன் டைட்டன்' ஆகியவை பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு வேண்டாம் என்பது என் கருத்து. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு, வயது நிரம்பியிருந்தாலும், தற்கொலையை மையமாகக் கொண்ட தொடர்கள் ஏற்றவையல்ல, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதுக் குறியீட்டை எங்கே காண்பது?

இணையவழிப் படத்தளங்கள் ஒவ்வொரு படைப்புக்கும் வயதுக் குறியீடு காட்ட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்துள்ளன. அனைவரும் பார்ப்பதற்கு 'யு'. அதற்கு மேல் 'யு/ஏ 7+', 'யு/ஏ 13+', 'யு/ஏ 16+'. வளர்ந்தோர்க்கு மட்டும் 'ஏ'. 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியே. படம் தொடங்குகையில் திரையின் மூலையில் இக்குறி தோன்றி மறையும். திரையரங்கப் படங்களுக்கும் 7, 13, 16 என்ற இதே வயதுப் பிரிவுகளை 2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம் கொண்டுவந்துள்ளது. புத்தகமாக வரும் மங்காக்களில், ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றின் பின்னட்டையில் அனைவருக்கும், பதின்பருவத்தினர்க்கு, மூத்த பதின்பருவத்தினர்க்கு, வளர்ந்தோர்க்கு என்ற வகையில் குறி அச்சிடப்பட்டிருக்கும்.

நம் மலைப்பகுதியில் இதில் ஒரு சிக்கல் உள்ளது. பல சிற்றூர்களில் கைபேசிச் சமிக்ஞை எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே வெள்ளிமலைக் கடைவீதிக்கு வரும்போதோ, கள்ளக்குறிச்சியில் இருக்கும்போதோ படங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, ஒரு கைபேசியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணன் தனக்காக எடுத்து வந்தது, மாலைக்குள் ஒன்றாம் வகுப்புத் தம்பியின் கைக்கு வந்துவிடுகிறது. இவ்வாறு கைமாறும் கோப்பில் வயதுக் குறியும் இராது, பூட்டும் இராது. சிறு துணுக்குகளாக ஓடும் காணொலிகளிலும் இதே நிலைதான். குறியில்லாத படத்தைப் பெரியவர் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். முதல் இருபது நிமிடமும் நடுவில் சில இடங்களும் பார்த்தாலே பெரும்பாலும் அதன் தன்மை விளங்கிவிடும்.

வீட்டில் ஒரே கைபேசி என்றால், படத்தளத்தில் குழந்தைக்கெனத் தனிக் கணக்குப் பகுதியைத் திறந்து, வயதைக் குறித்து, கடவு எண்ணை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யத் தெரியாவிட்டால், மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளிடமோ ஆசிரியரிடமோ கேட்கத் தயங்க வேண்டாம்.

மின்னும் காட்சிகளும் வலிப்பும்

1997 டிசம்பர் 16 அன்று மாலை, ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'போக்கிமான்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறிமாறி மின்னின. சில நொடிகள்தாம். அன்றிரவு 680க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பு, தலைச்சுற்றல், வாந்தி ஆகியவற்றுடன் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. நான்கு மாதம் அத்தொடர் நிறுத்தப்பட்டது. மின்னும் காட்சிகளுக்கு அந்நாட்டில் வரையறைகள் வகுக்கப்பட்டன. இன்றும் ஜப்பானியத் தொடர்கள் பலவற்றின் தொடக்கத்தில், வெளிச்சமுள்ள அறையில், திரையிலிருந்து விலகி அமர்ந்து பாருங்கள் என்ற வேண்டுகோள் வருவதற்கு இதுவே காரணம்.

வலிப்பு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேருக்கு இவ்வாறு மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படலாம். பள்ளிப் பருவத்திலும் பதின்பருவத்திலும் இது மிகுதி. உறக்கமின்மையும் மாத்திரையை விட்டுவிடுதலும் ஆபத்தைக் கூட்டும். உங்கள் குழந்தை வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், இருட்டில் போர்வைக்குள் கைபேசி பார்ப்பதை அறவே நிறுத்துங்கள். விளக்கு எரியட்டும், திரையின் ஒளியைக் குறைத்து வையுங்கள், கைபேசி முகத்தை ஒட்டியிராமல் கைநீளத்தில் இருக்கட்டும். காட்சி மின்னத் தொடங்கினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழக்குங்கள். இமைகளை மட்டும் மூடுவது போதாது; மின்னும் ஒளி இமையை ஊடுருவும்.

வலிப்பு வந்துவிட்டால், குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கழுத்தருகே இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாக நிற்கும். அப்போது கையில் சாவி இருந்ததால் அது நிறுத்தியதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். முதன்முறையாக வந்த வலிப்பு எதுவாயினும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு

நோயுற்ற குழந்தைக்குப் படமே காட்டக்கூடாது என்று நான் கூறவில்லை. ஊசி போடும்போதும் கட்டு மாற்றும்போதும், விருப்பமான படம் ஒன்று குழந்தையின் கவனத்தை வலியிலிருந்து திருப்ப உதவுகிறது. அதற்கான படத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது நல்லது.

மேலே கூறிய 'டோட்டோரோ' கதையில், தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறாள். இரு மகள்களும் தந்தையுடன் அருகிலுள்ள சிற்றூருக்குக் குடிவருகிறார்கள். அம்மா வருவாளா மாட்டாளா என்ற கவலை படம் முழுதும் மெல்ல ஓடுகிறது. சின்னவள், தாய்க்குக் கொடுக்க ஒரு மக்காச்சோளக் கதிரை அணைத்துக்கொண்டு தனியே நடந்து வழிதவறிப் போகிறாள். படத்தை ஆக்கிய மியாசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுத்திருந்தவர். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில் சிறு பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத அச்சத்தை இப்படம் அறிந்திருக்கிறது. அதை ஆற்றவும் செய்கிறது. தாயோ தந்தையோ உள்நோயாளியாக இருக்கும் வீட்டில், குழந்தையை மடியில் அமர்த்திப் பார்க்க ஏற்றது.

மலையில் பாட்டனிடம் வளரும் சிறுமி நகரத்துக்கு அனுப்பப்பட்டு, ஏக்கத்தால் உறக்கத்தில் எழுந்து நடப்பதையும், மருத்துவர் அவளை மலைக்கே திருப்பி அனுப்பச் சொல்வதையும் காட்டும் 'ஹெய்டி' (1974) மற்றொன்று. ஊரைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மலைப் பிள்ளைகளோடு பேச அது நல்ல வாயிலாக அமையும்.

உடல் எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கும் பத்துப் பன்னிரண்டு வயதினர்க்கு 'செல்ஸ் அட் வொர்க்' உள்ளது. சிவப்பணு பெட்டி சுமந்து உயிர்வளியைக் கொண்டுசேர்க்கும் பெண்ணாகவும், வெள்ளையணு கிருமியை வெட்டும் வீரனாகவும், தட்டணுக்கள் சிறு குழந்தைகளாகவும் வருவர். வெட்டும்போது குருதி தெறிக்கும், ஆகவே உடனிருங்கள். இதன் கிளைத்தொடரான 'கோட் பிளாக்', புகையும் மதுவும் கெடுத்த ஓர் உடலுக்குள் நடப்பது. வளர்ந்தோர்க்கான இதழில் வந்தது. ஒரே தலைப்பு என்று எண்ணிக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் படுக்கையில் கைபேசி வேண்டாம். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை எடுத்து வைத்துவிடுங்கள். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு எதையேனும் காட்டுவதற்கு முன், அக்குழந்தையின் வீட்டாரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால்

குழந்தையைத் திட்டாதீர்கள், அடுத்தமுறை அது உங்களிடம் சொல்லாது. "இதற்கெல்லாமா பயப்படுவாய்?" என்று நகைக்கவும் வேண்டாம். என்ன பார்த்தாய், எந்த இடம் பயமாக இருந்தது என்று கேட்டு, முழுதும் சொல்லவிடுங்கள். ஏழு வயதுக்குக் கீழ் என்றால் விளக்கத்தைவிட அணைப்பும் விளக்கொளியும் பயன்தரும். சற்று மூத்த குழந்தைக்கு விளக்கம் பயன்தரும். அந்த அரக்கனைத் தாளில் வரையச் சொல்லி, அவனுக்கு ஒரு கோமாளித் தொப்பி மாட்டிவிடச் சொல்லலாம். கயிறு கட்டுவதில் பாட்டிக்கு மனநிறைவு என்றால் கட்டிக்கொள்ளட்டும். கேட்பதையும் பேசுவதையும் அதன் பொருட்டு விட்டுவிட வேண்டாம்.

அச்சம் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்வது பற்றிப் பிள்ளை பேசினால் ஒரு நாளும் காத்திராதீர்கள். 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

அருகில் ஒருவர்

அந்தப் பாட்டியிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "நீங்கள் பேய்க்கதை சொன்னதே இல்லையா?" அவர் சிரித்துக்கொண்டே, நிறையச் சொல்லியிருப்பதாகக் கூறினார். பிணத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தன் கதையை நாமும் கேட்டு வளர்ந்தோம். ஆனால் கதை சொல்பவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் விரிந்தால் குரலைத் தாழ்த்தினார். உதடு துடித்தால் வேதாளத்தை மரத்திலேயே விட்டுவிட்டு, வேறு கதைக்குப் போனார். கைபேசி குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. எவ்வளவு பயந்தாலும் அடுத்த பகுதியை அது தானாகவே தொடங்கிவிடும்.

ஆகவே படத்தைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருக்காக எடுக்கப்பட்டது? இதன் வயதுக் குறி என்ன? என் குழந்தை இதைப் பார்க்கையில் அதன் முகத்தைப் பார்க்க அருகில் யார் இருக்கப்போகிறார்? முதல் இரண்டுக்கும் விடை தெரியாதபோதுகூட, மூன்றாவதற்கு ஒருவர் இருந்தால் பெரும் தீங்கு நேராது.

அச்சிறுவனின் ஊரில், சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு அவன் தாயை வரச்சொல்லி, அன்று மாலை காணொலியில் பேசவைத்தோம். அம்மாவையும் பாப்பாவையும் திரையில் பார்த்தான். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிரவு விடியும்வரை உறங்கினான்.